உன் பேரில் நான் எழுதியவை

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "கெசட்ல குடுத்து எம் பேர மாத்திக்கப் போறேம்மா. அந்தப் பேர அப்பாவே வெச்சிக்கினு இருக்கட்டும்" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு நாளில் ஆறிவிடும் என்று நானும் சும்மா இருந்திருப்பேன். காய்கறி விலை சொல்வதைப் போலச் சொன்னாய். உன் அம்மா போனை வைத்தாள். அரிந்துகொண்டிருந்த கொத்தவரங்காயை முறத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் குழம்பு இல்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். அதையும் அவள் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர சாப்பிடவில்லை.

இதை நேரில் பேசலாமே என்று நீ கேட்கலாம். நமக்குள் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேம்ப்பா, நீங்க?" என்பதைத் தாண்டி என்றைக்குப் போயிருக்கிறது? "உங்களுக்குப் பேனாவுலதான் வாயி" என்று உன் அம்மா சொல்வது சரிதான். அந்தப் பேனாவும் இனி எத்தனை நாளைக்கோ தெரியாது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவருக்குச் சர்க்கரை வராமல் வேறென்ன வரும் என்று நீதானே கிண்டல் செய்தாய். அது இப்போது கண்ணில் இறங்கிவிட்டது. நேர்க்கோடு நடுவில் வளைந்து தெரிகிறது. கள்ளக்குறிச்சியில் பார்க்கிற டாக்டர் ஊசி போட்டுப் பார்ப்போம் என்கிறார். அதனால் எழுத்து பெரிது பெரிதாகவும் வரி மேலும் கீழுமாகவும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் கதைகளைப் புத்தகமாகப் போட கடலூர்ப் பக்கத்துப் பதிப்பாளர் ஒருவர் ஒப்புக்கொண்டது உனக்குத் தெரியும். முன்னுரை கேட்டிருக்கிறார். அதற்காக உட்கார்ந்தால் இந்தக் கடிதம்தான் வருகிறது. இதையே முன்னுரையாகக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்று சொன்னால் புத்தகம் முன்னுரை இல்லாமலே வரும். உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது ஒன்று போதும். வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்லியிருப்பேன். அலுத்துக்கொள்ளாதே.

நான் ஆலையில் களப் பணியாளனாக இருந்தவன். ஊரில் மரியாதைக்குக் கரும்பு ஆபீசர் என்பார்கள், ஆபீசரும் இல்லை ஒன்றும் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து மொபெட்டில் கிளம்பிப் போய் யார் எவ்வளவு நட்டிருக்கிறார், பயிர் எப்படி இருக்கிறது, எப்போது வெட்டலாம் என்று பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். வெட்டு உத்தரவு சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்பதற்காக ஜனங்கள் என்னிடம் சொல்லாத கதை இல்லை. நைனார்பாளையத்தில் ஒருவர் இருந்தார். "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கினு இருக்கேன் சார், இந்த வாரமே வெட்டுக்குப் போட்டுக் குடுங்க" என்பார். அவருக்கு ஒரே பெண். வருஷா வருஷம் வெட்டு சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் நிஜமாகவே நடந்தபோது எனக்குப் பத்திரிகை வைத்தார், நானும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். இப்படிக் கேட்டவைதான் என் கதைகள். வெட்டு ஆட்கள் வரும் வரைக்கும் வரப்பில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவேன். கரும்புச் சோகையின் இலை விளிம்பு கையை அறுத்த இடத்தில் வேர்வை பட்டு எரியும், அதோடு எழுதுவேன். எழுதியதைப் பத்திரிகைகள் போட்டன. பெரிய பேர் இல்லை, ஆனால் சிறுபத்திரிகை படிக்கிறவர்களில் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் ஒரு பெண் என்று நினைத்தார்கள். ஏனென்றால் நான் எழுதியது உன் பேரில்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாள் முன்னால் ஒருநாள் காலையில் சங்கராபுரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். ரொம்ப வருஷமாக எனக்குக் கடிதம் போடுகிறவர், எழுதுவது ஆண்தான் என்று தெரிந்த சிலரில் ஒருவர். "இத்தினி வருஷமா உங்களப் படிச்சிக்கினு வரேன் சார். இதாங்க உங்களோட நல்ல கதை. மத்ததெல்லாம் இதுக்கு முன்னால கொஞ்சம் கம்மிதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பழைய கதை எதையோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நன்றிங்க என்றேன். அடுத்து இன்னொருவர் பேசினார். அவருக்கும் நன்றி. மத்தியானம் பத்திரிகை ஆசிரியரே கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்ல அடிக்கக் கத்துக்கிட்டீங்க போல, மெயில்ல வந்ததும் அசந்துட்டேன்" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் கழித்துத் தபாலில் எழுத்தாளர் பிரதி வந்தது, என் விலாசத்துக்கு. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முதல் பாராவைப் படித்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. நீ எழுதுகிறாய் என்பதையே நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

உன் முதல் கதை. அதற்கு வந்த பாராட்டை எல்லாம் நான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டு, அது என் மகள் எழுதியது, அவளுடைய பேரே அதுதான் என்று சொன்னேன். அவர் சிரித்தார், வருத்தமும் தெரிவித்தார், அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். உன்னிடமும் பேசி, வாசகருக்குக் குழப்பம் வரும், நீங்கள் வேறு பேரில் எழுதினால் நல்லது என்று யோசனை சொன்னாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் பேரில் நீ எழுதினால் குழப்பம் வரும் என்கிற நிலைமையை உண்டாக்கி வைத்தது அவர் இல்லையே.

உனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தவறிப்போனது உனக்குத் தெரியும். அதன் பேர் என்ன என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. உன் பேர்தான். மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு அவளுக்கு வைத்த பேர். அவளுக்கு ஒன்றரை வயது முடிந்திருந்தது. காய்ச்சல் வந்தது, கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஊசி போட்டார்கள், இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியது. வரும்போது உன் அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற பிள்ளை என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டு, காத்து அடிக்கும் கண்ணாடியைச் சாத்தும்மா என்றார். அவளும் சாத்தினாள். இதுவரை இதை எந்தக் கதையிலும் நான் எழுதவில்லை. எழுதிப் பார்த்திருக்கிறேன், அந்த ஜன்னலுக்கு மேல் போகமுடியவில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. ஆற்றோரம் ஒரு புங்க மரத்தடியில் புதைத்தோம். போட்டோ கிடையாது. கைக்குழந்தையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எடுக்கவில்லை. எடுக்காமலே குறைந்துவிட்டது. மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது என் பெரியப்பா சொன்னார்: "இன்னையோட அந்தப் பேரு வூட்ல வரக்கூடாது. கூப்ட்டுக்கினே இருந்தா அது போவாம வாசல்லயே நிக்கும்." நானும் உன் அம்மாவும் அதைக் கேட்டோம். வாயால் சொல்லவில்லை. அதற்கு முன்பே நான் என் சொந்தப் பேரில் சில கதைகள் எழுதி அனுப்பியிருந்தேன், எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. அந்த வருஷம் மழை முடிந்ததும் ஒரு கதை எழுதினேன். மேலே பேர் எழுதுகிற இடத்தில் அவள் பேரை எழுதினேன். வாயால்தானே சொல்லக்கூடாது என்றார்கள். அந்தக் கதை அச்சில் வந்தது. உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், கதையைப் படிக்கவில்லை. பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள்.

பிறகு நீ பிறந்தாய். தவறிய பிள்ளைக்கு அடுத்தது பெண்ணாகப் பிறந்தால், குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மா என்று பேர் வைக்கவேண்டும், அப்போதுதான் எமன் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போவான் என்று சொந்தக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். நான் புதுசாக ஒரு பேர் யோசித்து வைத்திருந்தேன். இப்போது அதைச் சொன்னால் நீ சிரிப்பாய். உன் அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. "இவ அவதான். போனவ திரும்ப வந்திருக்கா. அதே பேருதான்" என்றாள். என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள்: "இனிமே அந்தப் பேரு இவளுது. நீங்க வேற பேர்ல எழுதிக்கோங்க." சரி என்றேன். அடுத்த கதையையும் அதே பேரில் அனுப்பினேன். அந்தப் பேரை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பேருக்கு நாலு வாசகர்கள் கிடைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. துக்கம் பாதி, புகழ் ஆசை பாதி. எது எவ்வளவு என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாக் கதைகளிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு பெண் பிள்ளை இருக்கும். கரும்பு வண்டி ஓட்டுகிறவரைப் பற்றிக் கதை என்றாலும் அவருக்கு ஒரு மகள் இருப்பாள். அந்தப் பிள்ளைக்கு வருஷா வருஷம் வயது ஏறும். அவள் மரம் ஏறுவாள், எதிர்த்துப் பேசுவாள், பலாச்சுளையைக் கண்டால் பறப்பாள். வாசகர்கள் அதை எழுதுகிற அம்மாவின் சின்ன வயசு என்றோ அந்த அம்மாவின் மகள் என்றோ நினைத்தார்கள். விஷயம் தெரிந்த ஊர்க்காரர்கள் அது நீதான் என்று நினைத்தார்கள். அதனால் பலாப்பழக் காலம் வந்தால் உனக்குப் பிடித்தது சனி. மலையிலிருந்து வெள்ளிமலை பஸ்ஸில் பழம் இறங்க வேண்டியதுதான், "நம்ம கதைப் பொண்ணுக்கு" என்று யாராவது வீட்டில் கொண்டுவந்து போடுவார்கள். உனக்கோ பலாப்பழ வாசனையே ஆகாது.

கருணாபுரத்திலிருந்து பெயின்டர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அப்போது நீ நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி, தோளில் ஒரு முழுப் பழம். "கதை எழுதற அம்மா வூடு இதாங்களா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என் மீசையையும் மொபெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா சார்?" என்று கேட்டதில் பாதி உசுரு போனது தெரிந்தது. ஆனால் நல்ல மனிதர், சமாளித்துக்கொண்டு, "பாப்பாவக் கூப்புடுங்க சார், அதுக்குத்தான் வாங்கியாந்தேன்" என்றார். நீ வந்தாய். அவர் அறுத்து ஒரு சுளையை எடுத்து நீட்டினார். வாய் வரைக்கும் கொண்டுபோனாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். "கதையில ஆசையா துன்னுமே சார்" என்றார் அவர், ஏதோ தான் தப்புச் செய்துவிட்டதைப் போல. நான், "இன்னிக்கு அதுக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்றேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

அந்தச் சுளை யாருக்குப் பிடித்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாறு முழங்கை வரை வழியச் சாப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்ததே பத்துப் பதினைந்து வார்த்தைதான். அதில் ஒன்று "தொள".

நீ ஏழாவது படிக்கும்போது, என்னுடன் வேலை பார்த்தவர் வீட்டுக் காதுகுத்துக்கு வெள்ளிமலைக்குப் போனோம். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற நீ என் மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்தாய். அப்போது கேட்டாய்: "அப்பா, எம் பேர்ல எழுதறீங்க. ஆனா அதுல நான் இல்லையேப்பா. யாருப்பா அந்தப் பொண்ணு?" அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்கலாம். உனக்குப் புரிகிற வயதுதான். பஸ்ஸில் கூட்டம் இருந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டமெல்லாம் இல்லை. "அங்க பாரு பாப்பா, கொரங்கு" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். நீயும் பார்த்தாய். அங்கே குரங்கு இல்லை. அதற்குப் பிறகு நீ என் கதைகளைப் படிப்பதை நிறுத்திவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். படிப்புச் சுமை என்று நினைத்துக்கொண்டேன்.

காலேஜில் உன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் நாகரிகமான பேர், உனக்கு மட்டும் ஆயா பேர் என்று எல்லோரும் கேலி செய்வதாகச் சொல்வாய். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். நூலகத்தில் என் கதை வந்த பழைய இதழைக் காட்டி, நீயா எழுதினது என்று ஒரு பெண் கேட்டாள் என்று ஒருமுறை சொன்னாய். "என்ன சொன்ன?" என்றேன். "நான் இல்லன்னு சொன்னேன்" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இனி உன் கதை. அதில் ஒரு அப்பா வேலை முடிந்து வந்து மொபெட்டை நிறுத்துகிறார். பெண் கதவைத் திறக்கிறாள். அவர் சிரிக்கிறார். ஆனால் அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை, காதைத் தாண்டிப் பின்னால் எங்கேயோ நிற்கிறது. பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் இல்லை. வளர்ந்து பெரியவளாகிக் கதவைத் திறக்கும்போதும் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கதை முழுக்க அந்த அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நர்ஸ், உங்க பொண்ணு பேரு என்னங்க என்று கேட்கிறாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.

படித்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன், நான் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையா என்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பத்தான் தெரியுதா? பொறந்ததுலருந்து பாப்பாதான். இல்லன்னா 'இந்தா', 'ஏம்மா'. ஆளுங்க வந்தா 'எங்க பொண்ணு'ம்பீங்க. பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ வாத்தியாரு பேரு கேட்டதுக்கு என்னையத்தான் சொல்லச் சொன்னீங்க" என்றாள். எனக்குச் சத்தியமாகத் தெரியாது பாப்பா. செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களைக் கவனித்து எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி யாரோ மதிப்புரை எழுதியிருந்தார்கள். அதை வெட்டி வைத்திருக்கிறேன் வேறு.

உன் கதையில் ஒரே ஒரு குறை சொல்லட்டுமா? ஆஸ்பத்திரி வேண்டாம். அப்பனைச் சாகடிக்க அவசரப்பட்டுவிட்டாய். கதவோடு நிறுத்தியிருக்கலாம். மற்றபடி அந்தச் சங்கராபுரத்துக்காரர் சொன்னது சரிதான், அந்தப் பேரில் வந்ததிலேயே அதுதான் நல்ல கதை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்குள் இது உண்டு, அப்பன் மகள் என்று பார்க்காது. நீயும் ஒருநாள் இதை அனுபவிப்பாய், அப்போது பயந்துவிடாதே.

எழுத வந்துவிட்டாய், எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லிவிடுகிறேன். பூ எடுத்துவிட்ட கரும்பை நிறுத்தி வைத்திருந்தால் நாளுக்கு நாள் எடை இறங்கும், உள்ளே சக்கை ஆகும். மனதில் முற்றியதை வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்க்காதே. எழுதியதை உரக்க ஒருமுறை படித்துப் பார். யாராவது தன் கஷ்டத்தை உன்னிடம் சொன்னால் அன்றைக்குக் காதை மட்டும் கொடு, பேனாவை எடுக்காதே. என்னிடம் அழுதவர்கள் சிலர் இரண்டு மாதத்தில் தங்கள் அழுகையை அச்சில் பார்த்தார்கள். கேட்கவேண்டியதை அவர்கள் கேட்கவில்லை, வெட்டு உத்தரவு என் கையில் இருந்தது என்பதால். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டிய முகத்தைக் காகிதத்துக்குக் கொடுத்துவிடாதே. நான் இல்லாத பிள்ளைக்குச் சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கினேன். அதைச் செய்துகொண்டிருந்தபோது உனக்குச் சடை பின்னியது உன் அம்மா. காகிதத்தை விட்டுத் தலையை நிமிர்த்தும்போது நீ சென்னைக்கு வேலைக்குப் போயிருந்தாய்.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அட்டையில் என் சொந்தப் பேரைப் போடச் சொன்னேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "அந்தப் பேர்னாத்தான் சார் ரெண்டு பேருக்குத் தெரியும். உங்க பேரப் போட்டா யாருன்னு சொல்லி விக்கிறது?" என்றார். யாருக்கும் தெரியாதுதான், அப்படியே போடுங்க என்றேன். பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன், இனி அந்தப் பேரில் என்ன வந்தாலும் அது என் மகள் எழுதியது, அவளை யாரும் வேறு பேர் தேடச் சொல்லவேண்டாம் என்று. இதுவரை அந்தப் பேரில் என்னைப் படித்தவர்கள், கடிதம் போட்டவர்கள், பழம் சுமந்து வந்தவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்கவேண்டும். நீங்கள் தேடி வந்த அம்மா யாரும் இல்லை.

சுலபமாகச் செய்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஆற்றோரம் நடந்துபோனேன். புங்க மரம் எப்போதோ போய்விட்டது. மனைக்கல் நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எந்த இடம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் தடவையாக மண் தள்ளிவிட்டு வருகிறதைப் போல இருந்தது. திரும்பி வந்து உன் அம்மாவிடம், அவளுக்கு இனி ஓர் இடமும் இல்லையே என்றேன். வாய்விட்டு அழுதேன், உன் அம்மா முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. "அவ எங்க போய்ட்டா? மெட்ராஸ்லதான இருக்கா" என்றாள் அவள். அவளுக்கு அது உண்மை. நான் அதை ஒருநாளும் நம்பவில்லை. நம்பியிருந்தால் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். நீ அவள் இல்லை. அவளுக்குப் பதிலாக வந்தவளும் இல்லை. பலாப்பழம் பிடிக்காத, கொத்தவரங்காய் வற்றலுக்கு உயிரை விடுகிற, பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் அடம் பிடிக்கிற நீ தனி ஆள். அந்தப் பேரை அவளைவிட அதிக வருஷம் சுமந்தவள் நீ. கேலி வாங்கியவளும் நீ. அது உன்னுடையது.

இதற்கு மேலும் பேரை மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றிக்கொள். நான் தடுக்க மாட்டேன், அம்மாவையும் சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் ஒருமுறை நான் உன்னைக் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறு. நேற்றுச் சாயந்திரம் உன் அம்மா பழக்கிக் கொடுத்தாள். பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டே, "கூப்புடுங்க, நான் 'இன்னாப்பா'ன்னு கேக்கறேன்" என்றாள். வாயைத் திறந்தேன். பாப்பா என்றுதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். பிறகு ஈரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்தான் போன் செய்வேன். எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தம் வராது. சிக்னல் இல்லை என்று வைத்துவிடாதே. பின்னால் யாரையும் திரும்பிப் பார்க்காதே, உன்னைத்தான் கூப்பிடுவேன். கேட்கப்போவது என்னவோ பழைய கேள்விதான். மறுபடியும் பாப்பா என்றே வந்துவிடக்கூடாதே என்று இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

பூங்காவனம், சாப்ட்டியாம்மா?